மூடுபனியிலும் கச்சேரி உண்டு

பக்கவாத்தியம் வாசிக்கிறவள் பிழைப்பு, கல்யாண வீட்டில் பெண்ணுக்குச் சித்தியாக இருக்கிற பிழைப்பு மாதிரி: வேலையெல்லாம் நம் தலையில், போட்டோவில் மட்டும் பாதி முகம். கடம்காரர்களே, கஞ்சிராக்காரர்களே, பந்திக்குக் கூப்பிடுகிற சத்தத்துக்கு நடுவே ஆலாபனை வாசித்த வயலின்காரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் சமவெளியில் கஷ்டப்பட்டவர்கள். நான் மலைமேல் ஏறிப் போய்க் கஷ்டப்பட்டவள்.

எனக்குச் சொந்த ஊர் பழனி. அண்ணன் ராமலிங்கம் வாய்ப்பாட்டு, நான் வயலின், என் வீட்டுக்காரர் மிருதங்கம். வெளியாள் வேண்டாத கோஷ்டி, அதனால் சண்டையும் வெளியே போகாது. ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பித்து அறுபதுகளின் கடைசி வரைக்கும், அநேகமாக ஒவ்வொரு மே மாதமும் கொடைக்கானலில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தின கோடை விழாவில் வாசித்தோம். ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல் போடுவார்கள். மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாடகம், பேண்டு வாத்தியம், இவற்றுக்கு நடுவே எங்கேயாவது ஒரு சந்தில் எங்கள் கச்சேரி.

விழாக் குழுவுக்குச் செயலாளர் ஆரோக்கியம் என்பவர். பேக்கரி வைத்திருந்தார். மாவு ஒட்டின கையோடு வந்து மைக்கைப் பிடித்து, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், அன்பான பொதுமக்களே" என்று ஆரம்பிப்பார். தங்கமான மனுஷர். எங்களுக்கு வந்த வினைகளில் பாதி அவருடைய நல்ல மனசால் வந்தவை.

வளைவுக்கு ஒரு வரிசை

அப்போது பழனியிலிருந்து நேரே மலைக்குப் பஸ் கிடையாது. வத்தலக்குண்டு போய்ச் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்கள் அண்ணனுக்கு மலைப்பாதை ஆகாது. எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தார், புளிப்பு மிட்டாய் அடக்கிப் பார்த்தார், வயிற்றில் செய்தித்தாளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். எதற்கும் வாந்தி நிற்கவில்லை. ஒரு வருஷம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்கிற ஒருவர், "வாய் சும்மா இருந்தாத்தானே வாந்தி வரும்? எதையாச்சும் பாடிக்கிட்டே போங்க" என்று யோசனை சொல்லிவிட்டார். பாடகரிடம் போய்ச் சொல்லலாமா இதை?

முதல் வளைவில் அண்ணன் சரளிவரிசையை மெதுவாக ஆரம்பித்தார். ரெண்டாவது வளைவில் ஜண்டை வரிசை. பஸ் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை விழித்து, தானும் தார ஸ்தாயியில் சேர்ந்துகொண்டது. வாழைத்தாரோடு வந்த ஒருவர், மேலே சாமான்களோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்று டிரைவரிடம் கெஞ்சினார். வாந்தி என்னவோ வரவில்லைதான். பாதி மலை ஏறினதும் கண்டக்டர் தள்ளாடித் தள்ளாடி எங்கள் சீட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வாந்தி எடுத்தீங்கன்னா ஒரு வாளித் தண்ணியில கழுவிப்புடுவேன். இத எதக்கொண்டு கழுவுறது?"

கம்பளி யாருக்கு

ஒரு தடவை எங்களை அட்டுவம்பட்டியில் ஒரு பங்களாவின் பின்கட்டில் தங்கவைத்தார்கள். போய் இறங்கும்போதே மழை. மத்தியானம்தான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு. ஆரோக்கியம் நனைந்துகொண்டே வந்து ரெண்டு கம்பளி கொடுத்தார். "ஒன்னு பாகவதருக்கு, ஒன்னு ஃபேமிலிக்கு" என்றார். ஃபேமிலி என்றால் நானும் என் வீட்டுக்காரரும். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பளியை வாங்கி உதறி விரித்து, அதன் நடுவில் மிருதங்கத்தை வைத்து, பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றி, கட்டிலின் நடுவில் படுக்கவைத்தார். தலைமாட்டில் ஒரு தலையணையையும் அண்டக் கொடுத்தார். நான் மெல்லிசுப் புடவையோடு நிற்கிறேன், பல் தந்தி அடிக்கிறது. "என்னங்க, நானும் ஒருத்தி இங்க நிக்கிறேன், தெரியுதா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

"உனக்குச் சளி பிடிச்சா நான் கசாயம் வெச்சுத் தாரேன் புள்ள. இதுக்குப் பிடிச்சா யாரு வெப்பா?"

ரொட்டி அடுப்பில் ஏறின சுருதி

கம்பளி சுற்றியும் மிருதங்கம் ஈரத்தில் தொய்ந்துவிட்டது. தட்டினால் சாக்கு மூட்டையைத் தட்டின சத்தம். ஆரோக்கியம் உடனே, "மாஸ்டர், எங்க ஓவன் பக்கத்துல வெச்சிருங்க. ஈரம் எல்லாம் ஓடிரும்" என்றார். காலையில் கொண்டுபோய் வைத்தோம். என் வீட்டுக்காரரும் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல். கதகதப்பில் ரெண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். மேடைக்குக் கொண்டுவந்து தட்டினால் வெண்கலக் குடத்தில் தட்டின மாதிரி கணீர் என்கிறது. அண்ணனுடைய சுருதியைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. கல்லை வைத்துத் தட்டினார், குச்சியை வைத்துத் தட்டினார், இறங்கவே மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் அண்ணன் சுருதியை ஏற்றிக்கொண்டார். நானும் முறுக்கினேன். ஒரு தந்தி அறுந்து என் கன்னத்தில் கோடு போட்டது.

அண்ணன் முகம் செவசெவ என்று ஆகிவிட்டது. மேல் பஞ்சமத்தை எட்டுவதற்கு அவர் சம்மணத்திலிருந்து ஒரு முழம் எழும்பி எழும்பி உட்கார்ந்தார். மிருதங்கத்திலிருந்து பன் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த குழந்தைகள் மேடையை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தன. அப்புறம் பனி இறங்கியது. பாட்டுக்குப் பாட்டு மிருதங்கம் தொய்ந்துகொண்டே வர, அண்ணன் இறங்க, பின்னாலேயே நானும் இறங்கினேன். மங்களம் பாடும்போது எல்லாரும் தாலாட்டுச் சுருதியில் இருந்தோம்.

பள்ளங்கியில் பூண்டு விவசாயம் பார்க்கிற பொன்னுச்சாமி என்று ஒருவர் வருஷா வருஷம் தவறாமல் வருவார். கச்சேரி முடிந்ததும் மேடையருகே வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"ஏறுறப்பத்தான் கொஞ்சம் தெணறிட்டீக. எறங்கறப்ப சொகமா எறங்கிட்டீகளே. மலைன்னா அப்பிடித்தானுங்க."

டைகரின் ரசனை

நாய்க் கண்காட்சி முடிந்த கையோடு அதே பந்தலில் எங்களை ஏற்றிவிட்டார்கள் ஒரு வருஷம். முன்வரிசையில் மில்காரர் வீட்டு அம்மா ஒருவர், பரிசு வாங்கின தன் அல்சேஷனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பேர் டைகர். கழுத்தில் ரிப்பன், நாக்கு வெளியே, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஆலாபனையில் மேலே போய் ஒரே சுரத்தில் நீளமாகக் கார்வை பிடித்தார். டைகர் கண்ணை மூடி, மூக்கை ஆகாசத்துக்குத் தூக்கி, அதே இடத்தைப் பிடித்து ஊளையிட்டது. சத்தியமாகச் சுருதி விலகவில்லை. அண்ணன் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும், ஆரம்பித்தால் ஆரம்பிக்கும். வயலினில் பின்தொடர வேண்டிய நான், யாரைப் பின்தொடருவது என்று தெரியாமல் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சனம் கைதட்டிற்று. அண்ணன் பாதியில் எழுந்திருக்கப் போனார், என் வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

கச்சேரி முடிந்ததும் அந்த அம்மா நாயையும் இழுத்துக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து அண்ணன் பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"எங்க டைகர் லேசில யாருக்கும் வாயத் தொறக்க மாட்டான் சார். போன வருஷம் மெட்ராஸ்ல இருந்து வந்தவருக்கு வெறும் கொட்டாவிதான் விட்டான்."

அமிர்தவர்ஷினியும் மலைப்பூண்டும்

மே மாதத்துக் கொடைக்கானலில் சாயங்காலம் ஆனால் மேகம் கூடும், முக்கால்வாசி நாள் மழை பெய்யும். குதிரைக்காரர் முதல் கடலைக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் அண்ணனுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. ஒரு நாள் அமிர்தவர்ஷினி ராகம் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஆரோக்கியம் மைக்கைப் பிடித்து, "இந்த ராகத்தைப் பாடினால் மழை வரும் என்பது ஐதீகம். பப்ளிக் அனைவரும் அமைதியாக இருந்து மழையைக் கண்டுகளிக்கவும்" என்று அறிவித்தார்.

பொன்னுச்சாமியும் அவருடைய அண்ணன் தம்பிகளும் சந்தைக்குக் கொண்டுவந்த பூண்டை, மைதானத்து ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் காற்றாட உலர்த்தியிருந்தார்கள். அந்த வருஷத்து வெள்ளாமை மொத்தமும் அதுதான். நனைந்தால் அழுகிவிடும், ஒரு வியாபாரி சீந்த மாட்டான். அறிவிப்பைக் கேட்டதும் பொன்னுச்சாமி எழுந்து, "சாமி, சாமி, பூண்டு காயுது, வேற எதாச்சும் பாடுங்க" என்று கத்தினார். அண்ணன் கண்ணை மூடிவிட்டார். கண்ணை மூடினால் அவருக்குக் காதும் மூடிக்கொள்ளும். பொன்னுச்சாமி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? அண்ணன் பின்னாலேயே போகிறதுதானே என் சோலி. ஆனாலும் என்னால் முடிந்த உபகாரமாக, அண்ணன் ரெண்டு தடவை பாடினதை ஒரு தடவையாகக் குறைத்து வாசித்தேன்.

கீர்த்தனையில் பாதி போகவில்லை, பந்தல் மேல் படபட என்று விழ ஆரம்பித்துவிட்டது. அண்ணன் கண்ணில் பொலபொல என்று ஆனந்தக் கண்ணீர். "ஏலே, பிடிங்கடா!" என்று பொன்னுச்சாமி ஆட்கள் தார்ப்பாயை நாலு மூலையிலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பேண்டு வாசிக்கிறவர்கள், கடலைக்காரர், ஆரோக்கியம் எல்லாருமாகக் கைகொடுத்து, அவ்வளவு பூண்டையும் எங்கள் மேடைக்கு அடியில் தள்ளினார்கள். ஒரு பல் கூட வீணாகவில்லை. நாங்கள் பூண்டு வாசனையின் மேல் உட்கார்ந்து பாக்கியை முடித்தோம். அண்ணன் கைகூப்பி எழுந்திருக்கும்போது, பொன்னுச்சாமி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மேடை விளிம்பில் வந்து நின்றார்.

"சாமி, வரவெச்சது நீங்கதான். மறுப்பு இல்ல. நிப்பாட்டுற ராகம் ஒன்னு இருக்குமில்ல, அத வெரசா எடுத்துவுடுங்க."

கண் தெரியாத கச்சேரி

இது நடந்தபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. இறங்கு வெயிலில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து பனி கிளம்பி, பந்தலுக்குள் புகுந்து, என் வில்லின் நுனி எனக்கே தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டது. கரண்டும் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒரு பெண் மேடை ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்து, "எங்கப்பாவக் காணோங்க" என்று அழுதாள். மதுரையிலிருந்து வந்த குடும்பம். அவளுடைய அப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவராம். தடியை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரையில் உலாத்தப் போனவர் திரும்பவில்லை. பார்வை மட்டு. அந்தக் கரையில் அப்போது கம்பி வேலி ஒன்றும் கிடையாது.

குதிரைக்காரர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் அந்தப் பனியில் யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாமல் அவர்களே ஒருவரை ஒருவர் தேட ஆரம்பித்தார்கள். ஆரோக்கியம் மேடைக்கு ஓடிவந்தார். "மாஸ்டர், பெரியவருக்குக் காது நல்லாக் கேக்குமாம். மிருதங்கத்த நிப்பாட்டாதீங்க. சத்தத்த வெச்சாவது கரைக்கு வந்துருவாரு" என்றார். தனி ஆவர்த்தனத்துக்கு அண்ணன் நேரம் கொடுப்பதே இல்லை என்பது என் வீட்டுக்காரரின் ஆயுட்காலக் குறை. இன்றைக்கு நிறுத்தாதே என்று உத்தரவு கிடைத்தும் அவர் முகத்தில் சந்தோஷமில்லை. வாசித்தார். கால் மணி நேரம், அரை மணி நேரம். குளிரில் விரல் நுனி வெடித்து ரத்தம் கசிகிறது, நிறுத்தவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகத் தாளம் போட்டேன். அண்ணன் கீழே இறங்கி அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டார். நடுவில் தண்ணீரில் எதுவோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெண் வீறிட்டாள். என் வீட்டுக்காரர் கை ஒரு இடத்தில் தடுக்கி, மறுபடி தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் வாசித்தது வாசிப்பே இல்லை, கூப்பிடுவது.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து முதலில் தடி வந்தது. அப்புறம் பெரியவர் வந்தார். முழங்கால் வரைக்கும் ஈரம், வேட்டியெல்லாம் சேறு. மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் அவளை விலக்கிவிட்டு நேரே மிருதங்கத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"அழுவுறத அப்பறம் வெச்சுக்க தாயி. இந்தாரும் தம்பி, நான் தண்ணிக்குள்ள கால விட்டது இருக்கட்டும், அந்நேரம் பாத்து தாளத்துல அரை எடம் தள்ளிப் போட்டீரே, உமக்கு என்ன வந்துச்சு?"

அண்ணன் ஐஸ்கிரீம் சாப்பிட்ட கதை

அறுபதுகளின் கடைசியில் விழாக் குழுவில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. பேண்டுக்கு வருகிற கூட்டம் கச்சேரிக்கு வருவதில்லை, அடுத்த வருஷத்திலிருந்து பேண்டு மட்டும் போதும் என்று ரெண்டு மூன்று பேர் சொன்னார்கள். ஆரோக்கியம் எங்களுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் பார்த்து எங்கள் அண்ணன், மலர்க் கண்காட்சியில் யாரோ மரியாதைக்கு நீட்டின ஐஸ்கிரீமை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சாப்பிட்டு வைத்தார். ரெண்டாவது கிண்ணத்துக்கும் கூச்சப்பட்டிருக்கிறார். மறுநாள் வெள்ளனே எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

பேக்கரியில் கூட்டம் கூடிவிட்டது. "பாட்டு இல்லாம என்ன கச்சேரி? பேண்டையே ரெண்டு மணி நேரம் போட்டுருவோம்" என்றார்கள். அண்ணன் பேச முடியாமல் விரலால் என்னைக் காட்டினார். நான் பின்னால் யாரைக் காட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் மாவு மூட்டைதான் இருந்தது. என் வீட்டுக்காரர், "அவ வாசிப்பா. தனியாவே வாசிப்பா" என்றார்.

மேடை நடுவில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக அண்ணன் போன வழியில் அவர் நிழலாகப் போனவள், இன்றைக்கு முன்னால் யாரும் இல்லை. முதல் பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் என்னையறியாமல் அவருக்கு இடம் விட்டுவிட்டேன். அண்ணன் முன்வரிசையில் மப்ளரும் குல்லாயுமாக உட்கார்ந்து, அந்த இடத்தில் எல்லாம் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் கொடுத்தார். மூன்றாவது பாட்டில் இடம் விடுவதை மறந்துபோனேன். அப்புறம் எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது பந்தல் நிறைந்து, பேண்டுக்காரர்கள் கூட வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். பேண்டு மட்டும் போதும் என்று சொன்னவரே மேடைக்கு வந்து, "அடுத்த வருஷமும் நீங்க வரணும்மா" என்றார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், எனக்கும் காற்றுதான் வந்தது. அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்குமே குரல் இல்லை.

மைதானத்து ஓரத்தில் மாரியாயி என்கிற அம்மா தேநீர் விற்பார். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டுக் குடும்பத்தோடு மலையேறினவர். எங்கள் மூன்று பேருக்கும் காசு வேண்டாம் என்று தேநீர் ஊற்றிக்கொடுத்தார். அண்ணன் முதல் வாயை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அண்ணனுக்குப் புரை ஏறி அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஐயா பாடுறப்ப அது தெலுங்கோ என்னவோ, ஒன்னும் வெளங்காது. தேத்தண்ணி ஆத்திக்கிட்டே இருப்பேன். இன்னைக்கு அவரு வாயத் தொறக்கல பாருங்க, பாட்டு முழுசும் எனக்கு வெளங்கிருச்சு."

இத்தனைக்கும் தாக்குப்பிடித்து அந்த மலையில் வாசித்து இறங்கின எனக்கு அதற்கப்புறம் எந்த ஊர் சபாவைப் பார்த்தாலும் பயமே வந்ததில்லை, அங்கெல்லாம் மிஞ்சிப் போனால் சனங்கள் தூங்கத்தானே செய்வார்கள்.